அவர்கள் எடுத்த படங்கள்

காலையில் செய்தித்தாள் வந்தவுடன் விளையாட்டுப் பக்கத்தை முதலில் பிரித்துப் பார்க்கும் பழக்கம் பலரிடம் உண்டு. ஓடி வென்றவளின் படமும், கோப்பையை உயர்த்திப் பிடித்து நிற்கும் அணியின் படமும் அப்பக்கத்தை அணி செய்கின்றன. அவற்றைக் கண்டு நாம் மகிழ்கின்றோம். ஆனால் அப்படங்களை எடுத்தவர் யார், எங்கே நின்று எடுத்தார், எதை விட்டு எதை எடுத்தார் என்று நாம் கேட்பதில்லை. நிழற்படம் உள்ளதை உள்ளவாறே காட்டும் என்பது நம் நம்பிக்கை. உண்மையில், காமிராவைப் பிடித்திருப்பவர் அதை எந்தத் திசையில் திருப்புகின்றாரோ அந்தத் திசையில் உள்ளதை மட்டுமே அது காட்டும். மற்றத் திசைகள் மூன்றும் இருளில் நிற்கும்.

பெண்கள் விளையாட்டின் வரலாற்றைப் படிப்பவர்க்கு இவ்வுண்மை நன்கு விளங்கும். 1928ஆம் ஆண்டில் நெதர்லாந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரில் ஒலிம்பிக் போட்டிகள் நடைபெற்றன. ஒலிம்பிக் தடகளத்தில் பெண்களுக்கு முதன்முதலாக இடம் கிடைத்தது அங்கேதான். 800 மீட்டர் இறுதி ஓட்டத்தில் ஒன்பது பெண்கள் ஓடினர். ஒன்பதின்மரும் எல்லைக் கோட்டை அடைந்தனர். ஜெர்மனி நாட்டு லீனா ராட்கே 2 நிமிடம் 16.8 வினாடியில் ஓடி உலகச் சாதனை படைத்தார். ஜப்பான் நாட்டு கினுயே ஹிதோமி இரண்டாம் இடம் பெற்றார். ஓடி முடித்தபின் சிலர் களைப்பினால் தரையில் சாய்ந்தனர். முழு வலிமையையும் செலவிட்டு ஓடியவர் சாய்வது இயல்பேயன்றோ? ஆண்களும் அவ்வாறே சாய்வதுண்டு. ஆனால் செய்தித்தாள்கள் சில, அந்தக் களைப்பை மட்டும் கண்டன. பதினொரு பெண்கள் ஓடியதாகவும், ஐவர் இடையிலேயே நின்றுவிட்டதாகவும்கூட எழுதப்பட்டது. பெண்ணின் உடல் இத்தகைய ஓட்டத்தைத் தாங்காது என்ற பேச்சு எழுந்தது. அதன்பின் 1960ஆம் ஆண்டு ரோம் நகரப் போட்டி வரையில், முப்பத்திரண்டு ஆண்டுகள், பெண்களின் 800 மீட்டர் ஓட்டம் ஒலிம்பிக்கில் இடம்பெறவில்லை. பார்த்தவர் சொல் அரங்கேறியது. ஓடியவர் சொல் அரங்கிற்கு வெளியே நின்றது.

காமிரா எப்பொழுதும் தீமையே செய்தது என்று சொல்லவும் இயலாது. 1967ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தில், காத்ரின் ஸ்விட்சர் என்னும் இருபது வயது மாணவி 261 என்ற எண்ணை அணிந்து ஓடினார். அவ்வோட்டம் ஆண்களுக்கே உரியது என்று கருதப்பட்ட காலம் அது. ஓட்டம் தொடங்கிச் சிறிது தொலைவு சென்றதும், போட்டி அலுவலர் ஒருவர் பாய்ந்து வந்து, அவர் அணிந்திருந்த எண்ணைப் பிடித்து இழுத்தார். பத்திரிகையாளர்களின் வண்டி அருகில் சென்றுகொண்டிருந்தமையால் அந்தக் காட்சி படங்களில் பதிந்தது. அப்படங்கள் உலகெங்கும் பரவி, பலருடைய உள்ளத்தைச் சுட்டன. 1972ஆம் ஆண்டில் பாஸ்டன் ஓட்டம் பெண்களை முறைப்படி ஏற்றுக்கொண்டது. 2017ஆம் ஆண்டில், தம் எழுபதாம் வயதில், ஸ்விட்சர் அதே எண்ணை அணிந்து அதே சாலையில் மீண்டும் ஓடினார். எனினும், புகழ்பெற்ற அந்தப் படங்களிலும் இடம்பெறாதவை உண்டு. சிராக்கியூஸ் நகரத்தின் கடுங்குளிரில் அவர் பயிற்சி செய்த நாட்கள் அவற்றில் இல்லை. அந்நாட்களில் அவரோடு உடன் ஓடி ஊக்கம் தந்தவர், பல்கலைக்கழகத்தில் தபால் வழங்கும் பணியில் இருந்த ஆர்னி பிரிக்ஸ் என்பவர். அவ்விருவரும் பனியில் ஓடியபோது அருகே எந்த வண்டியும் செல்லவில்லை.

நம் நாட்டிலும் ஒரு சான்று உண்டு. 1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பி. டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தின் இறுதிப் போட்டியில் ஓடினார். மூன்றாவதாக வந்தவரின் நேரம் 55.41 வினாடி; உஷாவின் நேரம் 55.42 வினாடி. வினாடியை நூறு கூறாக்கி, அதில் ஒரு கூற்றில் பதக்கம் தவறியது. கண்ணால் காண இயலாத அந்த வேறுபாட்டை எல்லைக் கோட்டில் இருந்த காமிரா கண்டு சொல்லியது. அது யார் பக்கமும் சாயாத கருவி. ஆயினும், தமக்குப் பழக்கமான உணவு அங்கே கிடைக்காமல், அரிசிக் கஞ்சியையும் ஊறுகாயையும் உண்டு அந்த ஓட்டத்திற்குச் சென்றதாக உஷா பல ஆண்டுகளுக்குப் பின்னர் ஒரு பேட்டியில் கூறினார். நூற்றில் ஒரு கூற்றையும் தவறவிடாத காமிராவிற்கு அந்தக் கஞ்சிக் கிண்ணம் தெரியவில்லை. அது கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. கோட்டிற்கு வந்த வழியைப் பார்க்கவில்லை.

வழியைக் காட்ட வல்லவர், அவ்வழியே நடந்தவர்தாம். அவ்வாறாயின், காமிராவை அவர்கள் கையிலேயே கொடுத்தால் என்ன?

இந்த எண்ணத்தைச் செயற்படுத்திக் காட்டியவர்கள் இருவர். கரோலின் வாங், மேரி ஆன் பரிஸ் என்னும் அவ்விரு பெண்மணிகளும் 1990களின் தொடக்கத்தில் சீன நாட்டின் யுன்னான் மாநிலத்துச் சிற்றூர்ப் பெண்கள் அறுபத்திருவருக்குக் காமிராவைப் பயன்படுத்தப் பயிற்சி அளித்தனர். உழவுத்தொழில் செய்து வாழ்ந்த அப்பெண்கள், தங்கள் நாளையும் தங்கள் துன்பத்தையும் தாங்களே படம் எடுத்தனர். தாய் களை பறித்துக்கொண்டிருக்க, வயலில் தனியே கிடந்த குழந்தையின் படம் அவற்றுள் ஒன்று. அதிகாரம் படைத்தவர்கள் அப்படங்களைப் பார்த்தனர். எடுத்தவர்களின் சொற்களையும் கேட்டனர். குழந்தைகளுக்குப் பகல்நேரக் காப்பகம் வேண்டும், மகப்பேற்றுக்கு உதவும் மருத்துவச்சியர் வேண்டும், சிறுமியர் படிக்க உதவித்தொகை வேண்டும் என்ற உணர்வு அவற்றால் வலுப்பெற்றது. இம்முறைக்கு அவர்கள் 'போட்டோவாய்ஸ்' என்று பெயரிட்டனர். படத்தின் வழியே ஒலிக்கும் குரல் என்பது அதன் கருத்து.

படம் எடுப்பதோடு இம்முறை முடிந்துவிடுவதில்லை. எடுத்த படத்தை நடுவில் வைத்து, அனைவரும் சூழ அமர்ந்து, ஐந்து வினாக்களைக் கேட்க வேண்டும். இங்கே நாம் காண்பது என்ன? உண்மையில் இங்கே நடப்பது என்ன? இது நம் வாழ்க்கையோடு எவ்வாறு தொடர்பு கொண்டுள்ளது? இந்நிலை ஏன் உண்டாயிற்று? இதற்கு நாம் என்ன செய்யலாம்? முதல் வினாவிற்குக் கண் விடை கூறும். மற்ற நான்கிற்கும் வாழ்க்கைதான் விடை கூற வேண்டும்.

விளையாட்டு வீராங்கனைகளிடமும் இத்தகைய முயற்சிகள் நடந்துள்ளன. அமெரிக்கப் பேராசிரியர் விக்கி கிரேன் என்பவரும் அவருடன் பணியாற்றியவர்களும் கல்லூரி வீராங்கனைகளிடம், "நீங்கள் எவ்வாறு காட்டப்பட விரும்புகின்றீர்கள்?" என்று கேட்டு, அவர்கள் விரும்பியவாறே படம் எடுக்கச் செய்து, 2010ஆம் ஆண்டில் அந்த ஆய்வை வெளியிட்டனர். தம் ஆற்றலும் ஒருமுகப்பட்ட கவனமும் விளங்கும் படங்களையே பலர் விரும்பினர். பின்னர் அப்படங்களை விளையாட்டில் ஈடுபட்ட இளஞ்சிறுமியரிடம் காட்டியபோது, வலிந்து சிரித்து நிற்கும் படங்களைச் சிலர் விரும்பவில்லை. வீராங்கனை என்றால் காமிராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்று விதித்தவர் யார் என்று அச்சிறுமியர் கேட்பது போல அது எனக்குத் தோன்றியது.

நான் ஒரு சிற்றூர்ப் பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாகப் பணிபுரிந்தவள். எங்கள் பள்ளியின் கபடி அணியில் பன்னிரண்டு மாணவியர் இருந்தனர். இம்முறையைப் பற்றிப் படித்தபின், அதை எங்கள் பள்ளியிலும் செய்து பார்க்கும் விருப்பம் எனக்கு உண்டாயிற்று. பழைய மாணவி ஒருத்தி மூன்று சிறிய காமிராக்களை அன்பளிப்பாகத் தந்தாள். வாரத்திற்கு மூவராக நான்கு வாரங்களில் பன்னிருவரும் படம் எடுத்தனர். ஒவ்வொருத்தியும் ஐந்து படங்களைத் தேர்ந்து தர வேண்டும் என்பது ஏற்பாடு. தொடங்கும் முன் மூன்று விதிகளை வகுத்துக்கொண்டோம். ஒருவரைப் படம் எடுக்கும் முன் அவருடைய இசைவைப் பெற வேண்டும். எவருக்கும் இழிவு தரும் படத்தை எடுத்தல் ஆகாது. எடுத்தவளே படத்திற்கு உரியவள்; அவள் இசையாமல் அதை யாரும் பார்த்தல் கூடாது.

படங்கள் வந்தன. எங்கள் தலைமையாசிரியையின் அறையில், கண்ணாடி அலமாரி ஒன்றில், எங்கள் அணி வென்ற கோப்பைகள் வரிசையாக இருந்தன. அவற்றை ஒருத்தியும் படம் எடுக்கவில்லை என்பது என்னை வியப்பில் ஆழ்த்தியது.

ஒருத்தியின் படத்தில் விடியற்கால இருளும், ஒரே ஒரு தெருவிளக்கும், பத்தடி பின்னால் மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு வரும் ஒரு மனிதரும் இருந்தனர். "என் தந்தையார், அம்மா. ஆலையில் இரவு வேலையை முடித்துவிட்டு வந்து, நான் மைதானத்தை அடையும் வரையில் இப்படியே பின்னால் வருவார். பிறகுதான் வீட்டிற்குச் சென்று உறங்குவார்" என்றாள். அவளுடைய ஆட்டத்தைப் பாராட்டியவர் பலர். அந்த உறக்கத்தை அறிந்தவர் ஒருவரும் இலர்.

இன்னொருத்தி, விளக்க வேண்டிய பாத்திரங்களின் குவியலைப் படம் எடுத்திருந்தாள். பின்புறச் சுவரில் அவள் தம்பியின் கிரிக்கெட் மட்டை சாய்ந்திருந்தது. "அவன் பயிற்சிக்குப் போகும்போது மட்டையை எடுத்துக்கொண்டு போனால் போதும். நான் இவற்றை முடித்துவிட்டுப் போக வேண்டும்" என்று அவள் சொன்னபோது, குரலில் சினம் இல்லை. கணக்கு ஒன்றைச் சரிபார்த்துச் சொல்வதுபோலச் சொன்னாள்.

மற்றொருத்தி தன் முழங்காலின் தழும்பையே எடுத்திருந்தாள். எதிரணியினர் ஐவர் பிடித்து அழுத்தியும் கை நீட்டி நடுக்கோட்டைத் தொட்ட நாளில் வந்த தழும்பு அது. "இதை மறைத்துக்கொள் என்று அத்தை சொல்கின்றார். இந்தக் காலோடு உன்னை யார் பெண் எடுப்பார்கள் என்று கேட்கின்றார். எனக்கு இதைப் பார்த்தால் அந்த நாள் நினைவுக்கு வருகின்றது" என்றாள்.

இவற்றுள் எங்களை நெடுநேரம் நிறுத்திய படம் ஒன்று உண்டு. அது ஒரு தண்ணீர்ப் புட்டியின் படம். மைதானத்து மண்ணில், மாலை வெயிலில், கழுத்துவரை நிறைந்த புட்டி. வேறொன்றும் அதில் இல்லை. எடுத்தவள் அணியிலேயே மிகக் குறைவாகப் பேசுபவள்.

நாங்கள் ஐந்து வினாக்களையும் வரிசையாகக் கேட்டோம். காண்பது என்ன? தண்ணீர் நிறைந்த புட்டி. உண்மையில் நடப்பது என்ன? அவள் சிறிது நேரம் தலைகுனிந்திருந்தாள். பின்னர், "காலையில் வீட்டில் நிரப்பியது, அம்மா. மாலையிலும் அப்படியே இருக்கின்றது. பயிற்சி உள்ள நாளில் நான் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் ஒதுங்க வேண்டிவரும். மைதானத்தில் ஒதுங்க இடம் இல்லை" என்றாள்.

அறையில் அமைதி நிலவியது. பின்னர் ஒவ்வொருத்தியாகப் பேசினர். மைதானத்தில் பெண்களுக்கெனக் கட்டிய கழிப்பறை ஒன்று இருந்தது. அதன் கதவில் பூட்டுத் தொங்கியது. ஒருத்தி நண்பகலுக்குப் பிறகு நீர் அருந்துவதை நிறுத்திவிடுவாள். ஒருத்தி நாவை நனைக்க மட்டும் ஒரு வாய் கொப்பளிப்பாள். மாதவிலக்கு நாட்களில் இருவர் பயிற்சிக்கே வருவதில்லை. கோடை வெயிலில் ஆடுபவரின் உடலிலிருந்து வியர்வையாக நீர் மிகுதியாக வெளியேறுகின்றது. அதை ஈடு செய்யாவிடின் தலைச்சுற்றலும் தசைப்பிடிப்பும் உண்டாகும். உடல் வெப்பம் மிகுந்து உயிருக்கே தீங்கு நேர்தலும் கூடும். வலிமை வேண்டி மைதானத்திற்கு வந்த பெண்கள், ஒரு பூட்டின் காரணமாகத் தம் உடலையே வருத்திக்கொண்டிருந்தனர்.

இது நம் வாழ்க்கையோடு எவ்வாறு தொடர்புடையது என்ற வினாவிற்குப் பன்னிரண்டு விடைகள் கிடைத்தன. ஏன் உண்டாயிற்று என்ற வினாவிற்கு ஒரே விடைதான்: இதை இதுவரையில் யாரும் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லக் கூச்சமான செய்தியை எவ்வாறு சொல்வது? ஐந்தாம் வினாவிற்கு விடை கூறியவள் அணித் தலைவி. "நாம் சொல்ல வேண்டாம். படம் சொல்லட்டும்" என்றாள்.

பள்ளி ஆண்டுவிழாவன்று நீண்ட தாழ்வாரத்தில் படங்களை வரிசையாக மாட்டினோம். ஒவ்வொன்றின் கீழும் எடுத்தவளின் சொல் இரண்டே வரியில் இருந்தது. அவள் பெயர் இல்லை. நீர் நிறைந்த புட்டியின் படத்திற்கு அருகே, பூட்டிய கதவின் படத்தை மாட்டினோம். விழாவிற்கு வந்திருந்தவர்களுள், மைதானத்தைப் பேணும் பொறுப்பில் இருந்த அலுவலர் ஒருவரும் இருந்தார். முதலில் புட்டியைப் பார்த்தார். அடுத்துப் பூட்டைப் பார்த்தார். மீண்டும் புட்டிக்கே வந்து, கீழிருந்த இரண்டு வரிகளைப் படித்தார். நாங்கள் ஒன்றும் பேசவில்லை. பத்து நாட்களுக்குள் கழிப்பறையின் சாவி அணித் தலைவியின் கைக்கு வந்தது. குழாயில் நீர் வருவதற்கு மேலும் ஐந்து மாதங்கள் ஆயின. அதுவரையில் மாணவியர் முறைவைத்து வாளியில் நீர் சுமந்தனர்.

அத்தையாரும் வந்திருந்தார். தழும்பின் படத்தின் முன் சற்று நின்று, யார் கால் அது என்பதை அறிந்துகொண்டார் என்றே நினைக்கின்றேன். ஒன்றும் சொல்லாமல் நகர்ந்து சென்றார். அந்தப் பெண் தொடர்ந்து ஆடினாள். ஆனால் பாத்திரங்களைப் படம் எடுத்தவள், பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும் ஆட்டத்தை விட்டாள். வீட்டார் நிறுத்திவிட்டனர். நானும் தலைமையாசிரியையும் அவள் வீட்டிற்குச் சென்று பேசியும் பயன் இல்லை. படம் பூட்டைத் திறக்கும். எல்லாக் கதவையும் திறக்கும் என்று சொல்வதற்கில்லை.

தாழ்வாரத்தில் மாட்டியவை ஐம்பத்தொன்பது படங்கள். அறுபதாவது படம் எங்கே என்று கேட்கலாம். ஒருத்தி நான்கு படங்களை என் கையில் தந்து, ஐந்தாவதை ஓர் உறையில் இட்டு ஒட்டித் தன்னிடமே வைத்துக்கொண்டாள். "இது என் படந்தான், அம்மா. ஆனால் இப்போது காட்ட மாட்டேன்" என்றாள். விதி வகுத்தது நாங்களே ஆதலின், நான் அதைப் பற்றி மேலும் கேட்கவில்லை. அந்த உறையில் என்ன இருந்தது என்பதை இன்றுவரையில் நான் அறியேன். ஒருத்தி தன்னைப் பற்றி எதைக் காட்டுவது என்று முடிவு செய்யும் உரிமை பெற்றால், எதைக் காட்டாமல் இருப்பது என்று முடிவு செய்யும் உரிமையும் அவளுக்கு உண்டு. பிறர் எடுக்கும் படத்தில் இந்த இரண்டாவது உரிமை அவளுக்குக் கிடைப்பது அரிது.

இன்று ஏறக்குறைய ஒவ்வொரு வீட்டிலும் கைப்பேசி இருக்கின்றது. அதில் காமிராவும் இருக்கின்றது. படம் எடுப்பது மிக எளிதாகிவிட்டது. எடுத்தவளை அருகில் அமர்த்தி, "இங்கே உண்மையில் நடப்பது என்ன?" என்று கேட்பதுதான் இன்னும் எளிதாகவில்லை. கேட்டபின், எழுந்து சென்று சாவியைத் தேடுவது அதனினும் அரிது. மாணவச் செல்வங்களே, உங்கள் பள்ளியிலும் மாலைதோறும் ஓடி ஆடும் பெண்கள் இருப்பார்கள். அவர்கள் வென்ற நாளில் கைதட்டுவதோடு நின்றுவிடாதீர்கள். அவர்களுடைய தண்ணீர்ப் புட்டி நிறைந்திருக்கின்றதா, குறைந்திருக்கின்றதா என்பதையும் ஒருமுறை பாருங்கள்.